பேசாத கட்டளை

குதிரையேற்றம் என்றதும் பலருக்கு வேகமே நினைவுக்கு வரும். புழுதி பறக்க விரையும் பந்தயக் குதிரைகளும், வேலிகளையும் அகழிகளையும் தாண்டிப் பாயும் குதிரைகளும் காண்போரின் கண்ணையும் மனத்தையும் ஒருங்கே கவர்வன. இவற்றோடு ஒப்பிட, 'டிறெசாஜ்' எனப்படும் குதிரைப் பயிற்சிக் கலை புறத்தே அமைதியானது; ஆரவாரமற்றது. அறியாதார் ஒருவர் அதனை முதன்முறை காணும்பொழுது, குதிரை தன் விருப்பப்படியே நடக்கின்றது என்றும், மேலே அமர்ந்திருப்பவர் வெறுமனே வீற்றிருக்கின்றார் என்றும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணச் செய்வதே இக்கலையின் வெற்றியாகும். பார்ப்போர் கண்ணுக்குக் கட்டளை தெரிந்துவிட்டால் அங்கே கலை குன்றிவிட்டது என்பதே இத்துறையினர் கொள்கை.

பிரெஞ்சு மொழியிலே பயிற்றுதல் என்று பொருள்படும் வினையடியாகப் பிறந்தது இச்சொல். அறுபது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் கொண்ட மணற்றளம் ஒன்றே இதன் அரங்கு. தளத்தின் ஓரங்களிலே எழுத்துப் பலகைகள் நடப்பட்டிருக்கும். எந்த எழுத்தின் எதிரே எந்த நடையைத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. நின்ற இடத்திலேயே தாளந் தவறாது அடியெடுத்து வைத்தல், முன்னோக்கியும் பக்கவாட்டாகவும் ஒரே வேளையிற் செல்லுதல், பின்னங்காலை மையமாகக் கொண்டு சுழலுதல், ஒவ்வோர் அடிக்கும் முன்னணிக் காலை மாற்றிக்கொண்டு துள்ளிச் செல்லுதல் ஆகியன உயர்நிலைப் போட்டிகளிலே எதிர்பார்க்கப்படுவன. ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியம் முதற் பத்து வரை நடுவர் புள்ளி வழங்குவர். குதிரையோடு வாய்விட்டுப் பேசினாற் புள்ளி குறையும். இருக்கையின் அழுத்தம், கால்களின் தொடுகை, விரல்களின் வழியே கடிவாள வாருக்குச் செல்லும் சிறு இறுக்கமும் தளர்வும் ஆகிய இவையே வீரருக்கும் குதிரைக்கும் இடையே உள்ள மொழி. தன் தோலில் வந்தமரும் ஓர் ஈயையும் உணரவல்ல குதிரைக்கு அம்மொழி போதுமானது. அதனை இரைச்சலின்றிப் பேசக் கற்பதுதான் மனிதனுக்கு அரிது.

இவ்வரங்கிலே செலவாகும் சில நிமிடங்களுக்குப் பின்னாலே ஒருவரது நாளாந்த வாழ்வு முழுவதும் நிற்கின்றது. டிறெசாஜ் வீரரின் நாள் விடியுமுன்னரே இலாயத்திலே தொடங்குகின்றது. தீனி வைத்தல், சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் அள்ளி அகற்றுதல், உடம்பைத் தூரிகையால் நீவித் துடைத்தல், குளம்புகளிலே சிக்கிய கல்லையும் மண்ணையும் நோண்டி எடுத்தல், கால்களைக் கையாற் தடவி எங்கேனும் வீக்கமோ சூடோ உண்டா எனப் பார்த்தல் ஆகிய இவை யாவும் முடிந்த பின்னரே சேணம் ஏறும். அதன்பின்னும் உடனே பயிற்சி தொடங்குவதில்லை. வார்களைத் தளரவிட்டுச் சிறிது நேரம் நடக்கவிட்டுத் தசைகள் இளகிய பின்னரே வேலை தொடங்கும். அவ்வேலையும் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டதே. களைத்த குதிரை எதையுங் கற்பதில்லை. சலித்த குதிரை கற்றதையும் மறக்கும். ஆகவே எப்பொழுது நிறுத்துவது என்பதை அறிதலே பயிற்றுநரின் முதலறிவு என்பர். ஒரு குதிரை முடிய அடுத்தது. அது முடிய இன்னொன்று. பிற்பகலிலே மாணவர் வருவர். அவர்கள் அங்கவடியின்றி அமர்ந்து வட்டமாகச் சுற்றிவரப் பழகும்பொழுது, நடுவில் நின்று அவர்தம் முதுகையும் தோளையும் திருத்துவது அன்றாடப் பணி. மாலையிலே மீண்டும் தீனி, மீண்டும் கால்களைப் பார்த்தல். பண்டிகை நாளென்றும் மழை நாளென்றும் குதிரைக்குத் தெரியாது.

ஆண்டுக்கணக்கில் நீளும் தொழில் இது. நான்கு வயதளவிலே பயிற்சியைத் தொடங்கும் ஒரு குதிரை உச்சநிலைப் போட்டிக்கு ஆயத்தமாகப் பல ஆண்டுகள் செல்லும். ஜேர்மனியிலே இத்தொழிலுக்கு மூன்றாண்டுக் கால முறையான தொழிற்பயிற்சி உண்டு. வேறு பல இடங்களிலோ இளைஞர் ஊதியமின்றி இலாய வேலை செய்து அதற்கு ஈடாகப் பாடம் பெறுகின்றனர். சட்டத்தரணியாகத் தொழில் செய்துகொண்டே ஆறு ஒலிம்பிக் பொற்பதக்கங்களைப் பெற்ற ஜேர்மனியரான றைனர் கிளிம்கே போன்றோர் விதிவிலக்கானவர்கள். பெரும்பாலோர் பிறருடைய குதிரைகளைப் பயிற்றியும், பிறருடைய பிள்ளைகளுக்குக் கற்பித்துமே சீவிக்கின்றனர். குதிரை தம்முடையதன்று என்பதால் அதனை எந்நேரமும் இழக்கும் நிலையும் அவர்களுக்கு உண்டு. 2010 ஆம் ஆண்டு உலகப் போட்டியிலே நெதர்லாந்து வீரர் ஒருவருக்கு மூன்று பொற்பதக்கங்களை ஈட்டித் தந்த 'டொட்டிலாஸ்' என்னும் கரிய குதிரை, சில வாரங்களுள் ஜேர்மனிக்கு விற்கப்பட்டது. அந்த வீரர் மறுநாட் காலையும் வேறு குதிரைக்குச் சேணம் பூட்டவேண்டியவரே.

இத்தகைய வாழ்வுக்கு உடலே மூலதனம். அந்த உடலே பறிபோனால் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி.

1921 ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே தம் நாட்டின் டிறெசாஜ் வெற்றியாளராகத் திகழ்ந்தவர். 1944 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், டென்மார்க் ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்த காலத்திலே, இளம்பிள்ளைவாத நோய் அவரைத் தாக்கிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்துமூன்று. இரண்டாவது குழந்தையைக் கருவுற்றிருந்தார். கைகளும் கால்களும் செயலிழந்தன. குழந்தை நலமாகப் பிறந்தது. ஊன்றுகோலோடு நடக்க முடிந்தாலே பெரிது என்பதுதான் மருத்துவர் கணிப்பு. அவரோ கையை உயர்த்துவதிலிருந்து தொடங்கினார். பின்பு தவழக் கற்றார். பின்பு ஊன்றுகோல்களோடு நடக்கக் கற்றார். பெற்ற குழந்தை தவழக் கற்கும் பருவத்திலே தாயும் தவழக் கற்க நேர்ந்தது. தசைகள் பல மெல்ல வலுப்பெற்றன. முழங்காலுக்குக் கீழே இயக்கம் மீளவில்லை. வாழ்நாள் முழுவதும் அக்கால்கள் அவ்வாறே இருந்தன.

குதிரையேற்றத்திலே முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியின் பங்கு யாது என்பதை அறிந்தாலன்றி அவர் அடுத்துச் செய்ததன் அருமை விளங்காது. முன்செல்லத் தூண்டுவதும், பக்கவாட்டிற் செலுத்துவதும், பின்னங்கால்களை உள்ளிழுத்து நடையைச் சுருக்குவதும் பெரும்பாலும் கெண்டைக்காலின் தொடுகையாலேயே நிகழ்வன. குதிமுள் அணிவதும் அவ்விடத்திலேதான். லிஸ் ஹார்ட்டெலுக்கு அவ்விடம் இல்லை. குதிரைமீது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பிறர் உதவி வேண்டும். அவரிடம் எஞ்சியிருந்தவை முதுகும், இடுப்பும், உடற்பாரத்தை இம்மியளவு இடம் மாற்றும் நுட்பமும் மட்டுமே. 'யூபிலி' என்னும் பெண்குதிரையோடு சேர்ந்து அவர் ஒரு புதிய மொழியை ஆக்கவேண்டியிருந்தது. காலின் தொடுகையை எதிர்பார்த்து வளர்ந்த ஒரு பரம்பரைக் கலையை, பாரத்தின் அசைவை மட்டுமே கொண்டு நிகழ்த்த வேண்டும்; அதனைக் குதிரையும் விளங்கிக்கொள்ள வேண்டும். நோயுற்று மூன்றாண்டுகளின் பின்னர், 1947 இலே, ஸ்கந்திநேவியப் பெண்கள் போட்டியிலே அவர் இரண்டாம் இடம் பெற்றார்.

உடலின் தடையை ஒருவாறு கடந்தவர் முன்னே மனிதர் இட்ட தடை ஒன்று நின்றது. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகள் அக்காலத்திலே இராணுவ அதிகாரிகளுக்கும் 'கனவான்'களுக்கும் உரியனவாக இருந்தன. பெண்களுக்கு இடமில்லை. படையிலே பணிபுரிந்தோருள்ளும் ஆணைபெற்ற அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்டோருக்கு இடமில்லை. இவ்விதியின் போக்கை 1948 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். அவ்வாண்டு இலண்டன் போட்டியிலே சுவீடன் அணி டிறெசாஜ் பிரிவில் முதலிடம் பெற்றது. அவ்வணியைச் சேர்ந்த கேனெல் பேர்சன் என்பவர் உண்மையில் அதிகாரி அல்லர் என்பதும், போட்டிக்காகவே தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்பதும் பின்னர் தெரியவந்தன. 1949 இலே சுவீடனின் வெற்றி நீக்கப்பட்டது. பொற்பதக்கம் பிரான்சுக்குச் சென்றது. அவரது குதிரை தவறாக நடக்கவில்லை. அவர் தவறாக அமரவில்லை. அவரது தோளிலே அணிந்த பட்டமே தவறாகிவிட்டது. குதிரைக்குத் தன்மேல் இருப்பவர் அதிகாரியா, படைவீரனா, ஆணா, பெண்ணா என்பது தெரியாது. அமர்வு செம்மையானதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மனிதர் வகுத்த ஏற்றத்தாழ்வுகளை இத்துணை எளிதாகப் பொய்ப்படுத்தும் உயிர் பிறிதொன்று இருத்தல் அரிது.

1952 ஆம் ஆண்டு விதி மாறிற்று. அவ்வாண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே டிறெசாஜ் போட்டி அதிகாரியல்லாதோருக்கும் பெண்களுக்கும் திறக்கப்பட்டது. நான்கு பெண்கள் பங்குபற்றினர். அவர்களுள் ஒருவர் லிஸ் ஹார்ட்டெல். ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட்ட அக்களத்திலே, சுவீடனின் ஹென்றி சென் சீர் 561 புள்ளிகள் பெற்று முதலிடம் பெற்றார். 541.5 புள்ளிகளோடு லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூன்றாம் இடம் பெற்ற பிரெஞ்சுக்காரரான அந்திரே சூசோமுக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அரைப் புள்ளி மட்டுமே. இரங்கி வழங்கிய புள்ளியன்று அது; நிதானமாக அளந்து வழங்கிய புள்ளி. குதிரையிலிருந்து இறக்கி, வெற்றி மேடைமேல் அவர் ஏறுவதற்குக் கைகொடுத்தவர் முதலிடம் பெற்ற சென் சீரே. அன்று சுவீடன் அணிக்குப் பொற்பதக்கம் ஈட்டிக் கொடுத்த மூவருள் பேர்சனும் ஒருவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. நான்காண்டுகளுக்கு முன்னர் விதியால் விலக்கப்பட்ட இருவர், படையின் கீழ்நிலையிலிருந்த ஓர் ஆணும் நடக்கமாட்டாத ஒரு பெண்ணும், ஒரே களத்திலே மதிப்புப் பெற்றனர்.

ஹெல்சிங்கி விழா முடிந்த அதே ஓகஸ்ற் மாதத்திலே டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. பிளக்டம் மருத்துவமனையிலே மூச்சுவிட இயலாத நோயாளர் நாள்தோறும் வந்து நிறைந்தனர்; சுவாசப் பொறிகளோ மிகச் சிலவே இருந்தன. பியோன் இப்சன் என்னும் மயக்கமருந்து மருத்துவர், தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பை ஒன்றைக் கையால் அமுக்கி மூச்சூட்டும் வழியைக் காட்டினார். அப்பைகளை அமுக்கியவர் யாவர்? ஏறத்தாழ 1500 பல்கலைக்கழக மாணவர். மருத்துவமும் பல் மருத்துவமும் பயின்ற அவ்விளைஞர் முறைவைத்து நோயாளரின் தலைமாட்டிலே அமர்ந்து, இரவு பகலாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கள் கைகளாலேயே பிறருக்கு மூச்சளித்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே என்பர் மருத்துவ வரலாற்றாசிரியர். பையை வலிந்து அமுக்கினால் நுரையீரல் ஏற்காது. தளர்ந்து அமுக்கினால் மூச்சுப் போதாது. படுக்கையில் இருப்பவர் பேசவும் இயலாதவர். அவரது கண்ணையும் மார்பின் அசைவையும் பார்த்தே, போதும் போதாது என்பதை அறிய வேண்டும். ஓர் உடல் மற்றோர் உடலைச் சொல்லின்றிச் செவிமடுக்கும் இப்பண்பு, ஹெல்சிங்கியிலே மணற்றளத்திற் கண்ட பண்புக்கு அந்நியமானதன்று.

1956 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா மெல்பேர்னிலே நடைபெற்றதாயினும், அவுஸ்திரேலியாவின் விலங்குத் தடுப்புக்காப்புச் சட்டங்களின் காரணமாகக் குதிரைப் போட்டிகள் ஸ்ரொக்ஹோமில் நிகழ்ந்தன. அங்கும் அதே யூபிலியோடு, அதே சென் சீருக்கு அடுத்ததாக, லிஸ் ஹார்ட்டெல் மீண்டும் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதன்முறை இருபது புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவாக இருந்த இடைவெளி இம்முறை பத்தாகச் சுருங்கியிருந்தது. பின்னர் அவர் பயிற்றுநராக வாழ்ந்தார். மாணவர்க்குக் கற்பித்தார், பல இடங்களிலே குதிரையேற்றக் காட்சிகள் நிகழ்த்தி, இளம்பிள்ளைவாதத்தால் வாடுவோருக்கெனப் பொருள் திரட்டினார். உடல் வலுவிழந்தோர்க்குக் குதிரையேற்றம் ஒரு சிகிச்சையாகலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவிலே பரவுவதற்கு அவருடைய வாழ்வு பெருந் தூண்டுதலாயிற்று. நடக்கும் குதிரையின் முதுகு, மனிதன் நடக்கும்பொழுது இடுப்பு அசைவதைப் போன்றே அமர்ந்திருப்பவரின் இடுப்பையும் அசைக்கின்றது. ஆதலால், நடக்க இயலாதவரின் உடல் அங்கே நடையின் தாளத்தை உணர்கின்றது. 1996 ஆம் ஆண்டு அற்லாண்டா விழா முதல் பராலிம்பிக் போட்டிகளிலே டிறெசாஜ் இடம்பெற்று வருகின்றது. லிஸ் ஹார்ட்டெல் 2009 ஆம் ஆண்டு காலமானார்.

இவ்வாழ்வை வெறும் மனவுறுதியின் கதையாகச் சொல்லி முடித்துவிடுதல் எளிது. அவ்வாறு முடித்தல் முழு உண்மையாகாது. குதிரை வைத்திருக்கும் வசதி, கற்பிக்க ஆசான், குதிரைமேல் ஏற்றிவிடக் கணவர் என்பன அவருக்கு இருந்தன. அதே நோயால் அதே நகரத்திலே முடங்கிய எத்தனையோ பேருக்கு இவை கிட்டவில்லை. பொருளுடையோரின் முற்றத்திலும் படைகளின் பாளையத்திலும் வளர்ந்த கலை இது என்பதும் மறைக்கத்தக்கதன்று. அவர் வெற்றியிலே பிறர் தோள்களும் கைகளும் கலந்திருந்தன என்று சொல்வதால் அவ்வெற்றி சிறுமையடையாது. தனித்து நிற்பதே பெருமை என எண்ணும் மனப்பான்மைக்குத்தான் அது சிறுமை.

இன்னொரு வினாவும் உண்டு, அது கடினமானது. குதிரை உண்மையாகவே விரும்பித்தான் ஆடுகின்றதா? கி.மு. நான்காம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கரான செனபன், வலிந்து செய்விக்கப்படும் குதிரையின் அசைவிலே அழகு இராது என்னுங் கருத்தினர். அவருக்குப் பின் வந்த ஆசான்மாரும் அதனையே சொல்லிவந்தனர். சொல்வது ஒன்றும் இலாயத்தினுள்ளே நிகழ்வது ஒன்றுமாக இருந்ததும் உண்டு. கழுத்தை வலிந்து மடக்கி நெஞ்சோடு சேர்க்கும் முறை பற்றி நீண்ட சர்ச்சைகள் எழுந்தன. 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், பல பொற்பதக்கங்கள் பெற்ற பிரித்தானிய வீராங்கனை ஒருவர், பயிற்சியின்போது குதிரையைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த ஒளிப்பதிவு வெளியானதன் காரணமாகப் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் ஓராண்டுத் தடையும் பெற்றார். அரங்கிலே கட்டளை கண்ணுக்குத் தெரியாதிருப்பது கலை. இலாயத்திலே கொடுமை கண்ணுக்குத் தெரியாதிருப்பதும் அதே போர்வையின் கீழ் நிகழக்கூடியதே. குதிரை வாய்திறந்து முறையிடாது. ஆதலின், பேசாத உயிர் இசைந்தது என்று பேசுகின்ற உயிர் சாற்றும் சாட்சியை அப்படியே ஏற்றல் தகாது.

இவ்விடத்திலேதான் லிஸ் ஹார்ட்டெலின் வாழ்வு வெறும் வியப்பு என்ற நிலையைக் கடந்து ஒரு சான்றாகின்றது. அவர் குதிரையை வருத்த விரும்பினாரா, விரும்பவில்லையா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு அவசியமில்லை. இடித்துத் தூண்டக் காலில்லை. அரங்கிலே அதட்டக் குரலுக்கு இடமில்லை. குதிரை திமிறினால் தரையிலே குதித்துத் தப்பவும் இயலாது. அத்தகைய ஒருவரை அரை தொன் எடையுள்ள ஓர் உயிர் இரண்டு ஒலிம்பிக் களங்களிலே சுமந்து, உலகின் மிக நுண்ணிய அசைவுகளைச் செய்து காட்டிற்று. ஒரு குதிரையிலிருந்து எல்லாக் குதிரைகளுக்கும் விதி கூறுதல் பொருந்தாது. ஆயினும், வன்மையின்றி உச்சத்தை எட்டவே முடியாது என்று சொல்வோருக்கு யூபிலி ஒன்றே போதிய மறுப்பாகும்.

ஆற்றல் என்பது பிறரை அசைக்கும் வலிமை என்றே உலகம் பெரும்பாலும் எண்ணுகின்றது. ஆசிரியர் மாணவரிடத்தும், அதிகாரி பணியாளரிடத்தும், பெற்றோர் பிள்ளைகளிடத்தும் அவ்வலிமையையே நாடுவதைக் காண்கின்றோம். குரல் உயர்ந்தாற் பணிவு வரும். ஆனால் அப்பணிவிலே நடை இராது. கேட்கத் தெரிந்தவரின் கட்டளைக்குக் குரல் வேண்டியதில்லை. அதனை ஒரு நாளிற் கற்க முடியாது. விடியற்காலையிலே இலாயத்துக்குச் சென்று, குனிந்து, ஒவ்வொரு குளம்பாகக் கையில் எடுத்துப் பார்க்கும் அன்றாட உழைப்பின் வழியே, சிறிது சிறிதாகவே அது கைவரும்.